புரட்டாசி சனிக்கிழமையும் ஒரு பாட்டில் துளசி வினிகரும்

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நான் கிளம்பினால், என் புத்தி பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும். அறுபதுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதும் அதுதான் நடந்தது.

எங்களுக்குச் சமையல் வகுப்பெடுத்த வெள்ளைக்கார அம்மையார், வாசனை இலைகளை வினிகரில் ஊறவைத்து, பாட்டிலுக்கு ரிப்பன் கட்டிப் பரிசளிப்பதுதான் நாகரிகம் என்றார். அவர் சொன்ன இலைகளுக்குச் சிங்கப்பூரில் நான் எங்கே போவது? சிராங்கூன் ரோட்டில், பெருமாள் கோயில் வாசல் பூக்கடையில் துளசி கிடைத்தது. சீனர் கடை வெள்ளை வினிகரில் அதைப் போட்டு, மணத்துக்கு நாலு கிராம்பும் சேர்த்து, மூன்று வாரம் ஊறவைத்தேன். (அந்த வாடையில் அறைத்தோழி என்னுடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.)

அந்த பாட்டிலோடுதான் முதன்முதலாக ரகுவின் வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினோம். அவருடைய அம்மாதான், "பொண்ணப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். அன்று புரட்டாசி சனிக்கிழமை. அதையாவது நான் யோசித்திருக்கலாம்.

"என்னம்மா இது?"

"துளசி போட்டதும்மா. பெருமாள் கோயில் வாசல்லேர்ந்து..."

நான் முடிப்பதற்குள் பாட்டிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தீர்த்தமா! பாத்தீங்களா, இந்தக் காலத்துப் பொண்ணுங்கள்ல யாருக்கு இது தோணும்?" என்று கணவரிடம் சொன்னார். உண்மையைச் சொன்னால் கிடைத்த பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு குடும்பமே வினிகர் குடிக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் ரகுவின் அப்பா உள்ளங்கையைக் குவித்து வாங்கினார். முகம் சுருக்குப்பையாகச் சுருங்கியது. தீர்த்தத்தைத் துப்ப முடியுமா? விழுங்கிவிட்டு, மிச்சத்தை முறைப்படி தலையில் தடவினார். வழுக்கைத் தலை, நேராகக் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

"பெருமாளே!" என்று அலறினார்.

அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்து அம்மாவும் குடித்தார். மூன்றாவதாகக் கையை நீட்டிய ரகுதான் முகர்ந்து பார்த்தார்.

"அம்மா, இது சுக்கா லா, வினிகர்! மீ கடையில நூடுல்ஸ் மேல ஊத்துவானே, அது!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா இருமி முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இனிமே இந்த வீட்டுல யாருக்கு எதக் கொடுத்தாலும், மொதல்ல என்னன்னு சொல்லிட்டுக் கொடு."

எனக்கு அதில் 'இனிமே' மட்டும்தான் காதில் விழுந்தது. அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.

தை மாதம் கல்யாணம். வந்தவர்களிடமெல்லாம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவதான் எம் மருமக. பெருமாளோட துளசியவே ஊறுகா போட்டவ" என்று அறிமுகப்படுத்தினார். இப்போது அத்தை இல்லை. பேரப்பிள்ளைகள் தங்கள் சிநேகிதர்களிடம் என்னைப் பற்றி அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அத்தை அன்று என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.