எதுக்கும் சாரின் ஐம்பத்தெட்டு நாள்

வயிற்றுப்போக்குக்குக்கூட முன்கூட்டியே நாள் குறித்து வைத்த மனிதர் கள்ளக்குறிச்சியில் எதுக்கும் சார் ஒருவர்தான். வேறு ஊர்களிலும் இருந்திருக்க மாட்டார்.

அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர், நான் டைப்பிஸ்ட். மண்டையைப் பிளக்கிற சித்திரை வெயிலில் மழைக்கோட்டோடு வருவார். ஏன் சார் என்றால், "எதுக்கும் இருக்கட்டும்மா" என்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

பதினோரு வருஷம் லீவைச் சேர்த்து வைத்தார். மனைவி, இரண்டு பெண்களோடு ஐம்பத்தெட்டு நாள் காசி, ஆக்ரா, டெல்லி என்று சுற்றி வருவதற்கு. தை மாதம் பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அப்புறம் அவ வேற வூட்டுப் பொண்ணும்மா. நாலு பேரும் ஒண்ணா போறதுன்னா இந்த ஒரு தரந்தான்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பயண அட்டவணையைக் கார்பன் வைத்து நான்தான் அடித்துக் கொடுத்தேன், ஆளுக்கொரு பிரதி. ஏழு தடவை திருத்தினார், ஏழு தடவையும் அடித்தேன். 'பதினேழாம் நாள், ஆக்ரா: சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு, ஓய்வு.' 'முப்பத்திரண்டாம் நாள், டெல்லி: எனக்கும் சம்சாரத்துக்கும் சண்டை. வெளியே போவதில்லை.'

"சண்டை வரும்னு எப்படி சார் தெரியும்?"

"ஒரே ரூம்ல ஒரு மாசம் இருந்தா வராம இன்னாம்மா பண்ணும்? அதுக்குன்னு ஒரு நாள ஒதுக்கி வெச்சிட்டா மத்த நாள் கெடாது பாரு."

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்தச் சாலையில் எப்போது புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. "மலையில யாரு வந்து மறிக்கப் போறான்?" என்று சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்பில் வெள்ளிமலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சேலம் போய், அங்கிருந்து மெட்ராஸ், அங்கே காசி ரயில்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளம்பும் நாள் சரியில்லை என்று பஞ்சாங்கம் சொன்னது. இந்த மாதிரி சமயத்தில் முன்னதாகவே ஒரு நல்ல நாளில் பெட்டியை மட்டும் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆட்கள் பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை, பெட்டி மட்டும் பயணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது. ஊரில் எல்லோரும் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். இவர் வெள்ளிமலையில் ஒரு சாமை வியாபாரி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மறந்துவிடக் கூடாதே என்று நாலு பேரின் ரயில் டிக்கெட்டையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டினார்.

கிளம்ப வேண்டிய காலையில் ஜீப் டிரைவர் நடந்து வந்தார்.

"அடிவாரத்துல ரெண்டு மரம் குறுக்க கெடக்குதுங்க. வண்டி ஏறாது."

எதிர்வீட்டில் குடியிருந்த நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. போலீஸ் காவலோடு நாலைந்து பஸ்கள் நேரே மெட்ராஸுக்குப் போகின்றனவாம், பஸ் ஸ்டாண்டில் தயாராக நிற்கின்றனவாம். ரயில் மறுநாள் சாயங்காலம்தான். தாராளமாகப் பிடிக்கலாம், டிக்கெட் மட்டும் கையில் இருந்தால்.

புதுச்சேலையில் நின்ற அவர் மனைவி சொன்னார்: "டிக்கெட்டு போனா போவுதுங்க. மெட்ராஸ் வரைக்கும் போய் கடலப் பாத்துட்டு வந்துடலாம். நாலு பேரும் ஒண்ணா போன மாதிரி இருக்கும்."

சார் அட்டவணையைப் பிரித்து விரல் வைத்துப் பார்த்தார். "மொத நாள்ல கடல் இல்லியேம்மா" என்றார்.

ஏழு தடவை அடித்தேனே, ஒரு தடவையாவது அவரைக் கேட்காமல் 'கடல்' என்று ஒரு வரி சேர்த்து அடித்திருக்கக் கூடாதா? இன்றும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

பஸ்கள் போயின. சார் பெட்டியிலிருந்த டிக்கெட்டை எடுத்துவர மலைக்குச் சைக்கிளில் கிளம்பினார். அடிவாரத்தில் வெட்டிய மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி.

"மச்சான், நாளைக்கு ரயிலுடா. ஜீப்பு ஏற வழி வுடுடா."

"மாமா, உன்ன வேணும்னா தோள்ல தூக்கிக்கினு போய் அந்தாண்ட வுடறேன். ஜீப்பு மட்டும் கேக்காத. நம்ம சின்னவளுக்கு காலேஜ்ல எடம் கெடைக்கணும்னுதான் இங்க குந்திக்கினு இருக்கறேன்."

மச்சானுக்கென்று அட்டவணையில் ஒரு நாளும் ஒதுக்கியிருக்கவில்லை. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு மலையை நடந்தே ஏறினார். மேலே வீடு பூட்டிக் கிடந்தது. சாமை வியாபாரி சாவியோடு கீழே ஏதோ ஓர் ஊரில் மறியலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் சார் பெட்டியோடு தெருவுக்குள் வந்தார். ரயில் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. சொந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி என் வீட்டுப் படியேறினார்.

"இது உன் வூட்ல இருக்கட்டும்மா. பயணம் கெளம்பிடுச்சி, இன்னும் முடியல."

பெட்டி என் கட்டிலுக்கடியில் கிடந்தது. தை வந்தது. கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெரியவள் புருஷன் வீட்டுக்குப் போன மறுவாரம், சார் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் டைப்ரைட்டரில் நாலு தாளைக் கார்பனோடு செருகிக்கொண்டு சொன்னேன்.

"சார், அடுத்த வருஷம் போலாம் சார். சொல்லுங்க, அடிக்கிறேன்."

செருகியிருந்த தாள்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மூணு பேருக்கு எப்படிம்மா போடறது?" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நானும் எங்கெங்கோ ரயிலேறிவிட்டேன். ஆனாலும் எந்த ஸ்டேஷனில் நின்றாலும், அந்த நாலு பேரையும் முதலில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டு, அப்புறம் நான் ஏறினால் தேவலை என்றிருக்கும் எனக்கு.