துடைத்தால் போயிற்று

துடைப்பவர் என்றொரு இனம் உண்டு. தூசி துடைக்கும் அப்பாவிகளைச் சொல்லவில்லை. உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருள், தாங்காமல் வாயைத் திறந்து அதைச் சொல்லும்போது, ஒரு துணியைக் கொண்டுவந்து அதன் வாயைத் துடைத்துவிட்டுப் போகிறாரே, அவரைச் சொல்கிறேன்.

முழு வளர்ச்சி அடைந்த ஓர் உருப்படியைப் பார்க்க வேண்டுமா? படகுத்துறைக்கு வாருங்கள். அதோ, அந்தப் பழைய பாய்மரப் படகின்மேல் குனிந்திருக்கிறாரே, அவர்தான். வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர்; பிறருக்கு வரக்கூடிய ஆபத்துகளைக் கணக்குப் போட்டுச் சொல்வது தொழில். ஞாயிறு வந்தால் துறையில் அவருக்குப் பெயர் பாலிஷ்காரர். ஒரு கையில் பாலிஷ் டப்பா, மறு கையில் கிழிந்த பனியன் என்று வந்து இறங்கி, கைப்பிடியைத் தேய்த்து, கொக்கியைத் தேய்த்து, கயிறு சுற்றும் உருளையைத் தேய்த்து, பக்கத்துப் படகுக்காரர் கண் கூசித் திரும்பிக்கொள்ளும்வரை தேய்த்து, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, மனசு ஆறாமல் மறுபடி வந்து தேய்ப்பார். மதியம் அவரும் மனைவியும் கட்டிப்போட்ட படகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, டிபன் பாக்ஸோடு வீடு திரும்புவார்கள். படகு ஓர் அடி நகர்ந்திருக்காது.

அந்த அம்மாளுக்கு ஒரே ஓர் ஆசை. இந்தப் படகில் ஒரு நாளாவது கடலுக்குள் போய்வர வேண்டும். கடலைப் பார்த்தபடி சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்கு அலுத்துவிட்டது.

படகில் இன்னொரு சங்கதியும் இருந்தது. நடுவில் நிற்கும் பாய்மரத்தை இரண்டு பக்கமும் கம்பி வடங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு வடமும் ஓர் எவர்சில்வர் பட்டையில் முடிகிறது. பட்டை மேல்தட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, படகின் சுவரில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. வெளியே தெரிவது ஒரு சாண். அந்த ஒரு சாணில் நீங்கள் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் மேல்தட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குள் இறங்கினால், இடதுபக்கப் பட்டை இறங்கும் இடத்திலிருந்து பழுப்பாக ஒரு கோடு சுவரில் வழிந்துகொண்டிருக்கும்.

அவர் பார்க்காமலா இருந்தார்? பார்த்தார். துடைத்தார். மழை பெய்தது, கோடு வந்தது, துடைத்தார். கடைசியில், பாய் விரித்துப் பாயும் கப்பல் படம் ஒன்றைச் சட்டம் போட்டு அதன்மேல் மாட்டிவிட்டார். அறைக்கே ஒரு களை வந்துவிட்டது என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஊரிலிருந்து மைத்துனர் வந்திருந்த ஞாயிறன்று, பாலிஷ்காரர் வீறாப்பாக, "இன்னிக்குக் கெளம்புறோம்!" என்று அறிவித்தார். அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டுப் பையை வைக்க அறைக்குள் இறங்கியவர் கண்ணில், படத்தின் சட்டத்துக்குக் கீழே அந்தப் பழுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. பையை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே வந்து, துறையில் படகைக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, அந்தப் பட்டையைக் கழட்டிப் பாருங்க. அப்புறம்தான் கயித்த அவுப்பேன்."

"நல்லா இருக்கறத எதுக்குக் கழட்டணும்?"

"உள்ள ஒழுகுதே?"

"அது வெறும் கறை. தொடச்சா போயிடும்."

"தொடச்சும் வருதே!"

"இங்க பாரு, இது எவர்சில்வர். துருப்புடிக்கவே புடிக்காது. நம்ம வீட்டு டம்ளர் துருப்புடிச்சிருக்கா?"

"டம்ளரைத் தெனமும் நான் கழுவிக் கவுத்து வெக்கறேன். இது எத்தன வருஷமா காத்தே படாம உப்புத் தண்ணியில ஊறிக்கிட்டுக் கெடக்கு?"

மைத்துனர் மெதுவாக, "அத்தான், அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பித்தார்.

துடைப்பவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்க அவர் எதையும் செய்வார். அன்று செய்ததைப் பாருங்கள். "இப்ப என்ன, இது தாங்குமான்னு தெரியணும், அவ்வளவுதானே?" என்று இடதுபக்க வடத்தை இரண்டு கையாலும் பற்றி, உடம்பின் முழு எடையையும் போட்டுப் பின்னால் சாய்ந்து தொங்கினார். தொங்கியபடியே மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

டப்பென்று ஒரு சத்தம். அவர் மேல்தட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். வடம் கையைவிட்டுப் பறந்தது. மரம் அவசரமே இல்லாமல் வலதுபக்கமாகச் சாய்ந்து, கடலில் நீளமாகப் படுத்துக்கொண்டது.

மைத்துனர் வடத்தை இழுத்து மேலே போட்டார். அதன் முனையில் அறுந்த பட்டை. மேல் பாதி கண்ணாடி. அறுந்த இடம் டீயில் ஊறிய பிஸ்கட். நல்ல உலோகம் ஒரு நகத்தளவுதான் மிச்சம். அந்த நகத்தளவை நம்பித்தான் மூன்று பேர் நடுக்கடலுக்குப் போக இருந்தார்கள். அம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையே வந்துவிட்டது.

நம்மவர் பட்டையைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியன் துணியை எடுத்தார். அறுந்த இடத்தைத் துடைத்தார்!

"நல்லவேளை, விடாம தொடச்சிட்டு வந்தேன். இல்லன்னா எப்பவோ விழுந்திருக்கும்" என்றார்.

அப்புறம் அக்காவும் தம்பியும் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து வலதுபக்கப் பட்டையையும் கழற்றினார்கள். அதுவும் பிஸ்கட்தான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் நம்மவர் வாங்கித் துடைத்துத் துடைத்து வரிசையாக அடுக்கினார். புதுப் பட்டை போட்டு, மரத்தை நிறுத்தி, அந்த அம்மாள் ஒருவழியாகக் கடலுக்குள் போய்வந்துவிட்டார். சுக்கானைத் தம்பி பிடித்தார். நம்மவர் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கூடத்தில் அந்தப் படம் மட்டும் ஏன் அவ்வளவு தாழ்வாக, சுவரின் மூலையில் மாட்டியிருக்கிறது? ஐயையோ, எடுக்காதீர்கள்! விருந்தாளிகள் வரும் நேரம். சட்டத்தை லேசாகத் துடைத்துவிடுங்கள், போதும்.