முற்றுப்புள்ளி செய்த ஒரே பிழை

கப்பல் ரசீதில் 'நாற்காலி' இருக்க வேண்டிய இடத்தில் 'மேசை' என்று இருந்ததைப் பார்த்ததும் முற்றுப்புள்ளி துள்ளி எழுந்தார். கப்பல் புறப்பட்டுவிட்டிருந்தது.

முற்றுப்புள்ளி என்பது ஏற்றுமதி அலுவலகத்தில் அவருக்கு வைத்த செல்லப்பெயர். காகிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கையாலேயே பிழை! அந்த ரசீதைக் காட்டித்தான் வெளிநாட்டில் வாங்குகிறவர் சரக்கை எடுக்க வேண்டும். அவர் கேட்டிருந்தது நாற்காலி. வரப்போகிற மேனேஜர் பதவி கண்ணெதிரே கரைந்தது.

வெள்ளை மை தடவி, அதன்மேல் முத்து முத்தாக 'நாற்காலி' என்று எழுதிக்கொண்டு கப்பல் கம்பெனிக்கு ஓடினார்.

அங்கிருந்த அதிகாரி ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன சார், பேப்பருக்கு பவுடர் போட்டிருக்கீங்க? இனிமே இது செல்லாது."

"அப்போ புதுசா ஒண்ணு குடுங்க."

"உள்ள இருக்கிறது நாற்காலிதான்னு யாரு பொறுப்பு?"

"நான்தான்!"

'என் இரு கண்ணாலும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிடங்குப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

முதலாளியின் கையெழுத்தும் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் அவரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முதலாளி கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொடுத்தார்.

நடுவில் மனைவியின் போன். "ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"நாற்காலி."

"என்னது?"

"சத்தியமா நாற்காலிதான்."

மனைவி போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் புது ரசீது கைக்கு வந்தது. வேறு யாராக இருந்தாலும் லீவு போட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். இந்த மனிதர் ஒற்றை ஆளாக மலையைப் புரட்டியிருந்தார், சொல்லத்தான் வேண்டும்.

"தப்பு பண்ணாதவன் யாரு? அதை இப்படித் திருத்தறவன்தான் கிடைக்க மாட்டான். இனிமே இவர்தான் மேனேஜர்!" என்றார் முதலாளி. அலுவலகமே கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும், கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர் முன்னால் வந்து முற்றுப்புள்ளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சார், நீங்க தெய்வம் சார்! அன்னைக்கு அவசரத்துல நாற்காலிக்குப் பதிலா மேசையை ஏத்திட்டேன். துறைமுகத்துல அதிகாரிங்க பெட்டியைத் திறந்து பாத்தப்போ என் வேலை போச்சுன்னே நினைச்சேன். நீங்கதான் பேப்பர்லயும் மேசைன்னே எழுதி என்னைக் காப்பாத்திட்டீங்க!"