போக மறுத்த மேடம்

மூன்றாவது தடவையாக ஸஹாப்தீன் மேடத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தான். மூன்றாவது தடவையாக மேடம் அதைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்தார். திரும்பி வந்து அவன் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. கடல் கறுத்துப் போயிருந்தது. காற்று இன்னும் பலக்கவில்லை. ஆனால் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. வங்காள விரிகுடாவில் பெரும் புயல், கிழக்குக் கரையை நோக்கி வருகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் உள்ளே போய்விட வேண்டும் என்று வானொலி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. அது எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர். அந்தப் புயல் கடைசியில் தெற்கே போய் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று காலை அது யாருக்கும் தெரியாது. நிலாவெளியில் எல்லோரும் அது தங்கள் தலைக்குத்தான் வருகிறது என்று நம்பினார்கள். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் அடிபட்ட ஊர் அது.

ஸஹாப்தீன் கடற்கரையோரம் எட்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதிக்கு மனேஜர். முதலாளி கொழும்பில் இருந்தார். புயல் செய்தி வந்ததும் டெலிபோனில் ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"கடைசி விருந்தாளியையும் ஏத்தி அனுப்பிப்போட்டுத்தான் நீ கதவைப் பூட்டவேணும். விளங்கிச்சோ?"

"ஓம் முதலாளி. நேரத்தோட அனுப்பிப்போடுவன்."

அவனுக்கும் அவசரம்தான். மனைவி நஜ்முன் நிஸா குறிஞ்சாக்கேணியில் நிறைமாதத்தோடு இருந்தாள். அங்கே போவதற்குக் கிண்ணியாத் துறையில் களப்பைத் தாண்ட வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்துகிற மிதவையைப் 'பாதை' என்பார்கள். காற்றுப் பலத்துவிட்டால் பாதை ஓடாது. பாதை ஓடாவிட்டால் மனைவி அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம்.

சீசன் முடிந்த காலம் என்பதால் விடுதியில் மூன்று பேர்தான். ஒரு சோடி புதன்கிழமை பின்னேரம் வந்த வேனில் ஏறிப் போய்விட்டது. மிச்சம் மேடம். ஜெர்மன்காரி, ஐம்பது ஐம்பத்தைந்து வயது, தனியாக வந்தவர், நல்ல உயரம். ஆங்கிலத்தில் நாலு சொல் தெரியும்: டீ, குட், நோ, தேங்க்யூ. புதன்கிழமை அவரும் அந்த வேனில் ஏறுவதற்குப் பெட்டியோடு வந்தவர்தான். அவரைக் கொஞ்சம் அவசரப்படுத்தலாம் என்று ஸஹாப்தீன் தன் பேர்சிலிருந்து நஜ்முன் நிஸாவின் படத்தை எடுத்துக் காட்டினான்.

"மை வைஃப், மேடம்."

வயிற்றின் முன்னால் கையை வளைத்துக் காட்டினான். பிரசவம் கிட்ட வந்துவிட்டது, படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்காகக் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சரித்துக் கண்ணை மூடிக் காட்டினான். தண்ணீருக்கு அந்தப் பக்கம், எட்டத்தில் என்பதற்காகக் கடலுக்கு மேலால் வானம் முடிகிற இடத்தைக் கையால் காட்டினான்.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. பெண் மனசு, புரிந்துகொண்டுவிட்டது என்று ஸஹாப்தீன் சந்தோஷப்பட்டான். மேடம் நேரே வேன் டிரைவரிடம் போய், "நோ" என்றார். பெட்டியை இறக்கினார். வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஸஹாப்தீனுக்கு ஜீரணிக்க ஏலாமல் இருந்தது. காலையில் அவன் தன் அறைக் கதவைத் திறந்தபோது, வாசலில் கதிரை போட்டு மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி. அவனைக் கண்டதும், "குட்" என்றார்.

சமையல்காரர் தம்பையாவும் அதைப் பார்த்துவிட்டார். அவர் பக்கத்து ஊரான சல்லியில் இருந்து வருகிறவர். குடும்பத்தை நேற்றே பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மனேஜர் விட்டால் தானும் ஓடலாம் என்று காத்திருந்தார்.

"மனேஜர், அவவுக்குப் புயல் எண்டு விளங்கேல்லைப் போல. நடிச்சுக் காட்டுங்கோவன்."

ஸஹாப்தீன் விறாந்தையில் நின்று புயலாக மாறினான். கன்னத்தை உப்பி ஊதினான். கைகளைச் சுழற்றினான். பிறகு தென்னை மரமாக மாறி அப்படியும் இப்படியும் ஆடி, தொப்பென்று விழுந்தான். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டான்.

மேடம் ஓடிவந்து அவனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அறைக்குள் போய் இரண்டு வெள்ளைக் குளிசை கொண்டுவந்து, அவன் விழுங்கும்வரை தண்ணீர்க் கிளாசோடு நின்றார்.

"என்ன குளிசை இது?" என்றான் ஸஹாப்தீன்.

"ஆருக்குத் தெரியும்? விழுங்கிப்போட்டியள்தானே," என்றார் தம்பையா. "கீறிக் காட்டுங்கோ. படம் எண்டால் எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கும்."

ஸஹாப்தீன் விடுதிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஒரு வீடு கீறினான். வீட்டுக்கு மேலால் பெரிய அலை. வீட்டுக்குள் மீசையோடு ஒரு ஆள், அது அவன். கடைசியாக வீட்டைப் பூட்டுகிறவன். தூரத்தில் ஒரு வேன், அதற்குள் தொப்பி போட்ட பெண், அது மேடம்.

மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். பென்சிலை வாங்கி, வேனுக்குள் இருந்த பெண்ணைக் குறுக்கே வெட்டினார். வீட்டுக்குள் இருந்த ஆளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெண்ணைக் கீறினார். இரண்டு பேருடைய கையையும் ஒரு கோட்டால் இணைத்தார்.

தம்பையா எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மனேஜர், நான் சொல்லுறன் எண்டு கோவிக்கப்படாது. அவவுக்கு உங்களில ஒரு இது."

"விசர்க் கதை கதைக்காதீங்க."

"பெண்சாதியின்ர படத்தைப் பாத்து அழுதது ஏன்? விடிய விடிய வாசலில காவல் இருந்தது ஏன்? இப்ப கையையும் கோர்த்தாச்சு. வீட்டோட சேர்ந்து ரெண்டு பேரும் போவம் எண்டு சொல்லுறா."

ஸஹாப்தீனுக்கு வியர்த்துவிட்டது. நிலாவெளியில் ஒருவர் தும்மினால் கிண்ணியாவில் கேட்கும். இந்தக் கதை களப்பைத் தாண்டுவதற்குப் பாதை கூடத் தேவைப்படாது.

"இப்ப என்ன செய்யிறது, தம்பையா அண்ணன்?"

"குசினியைப் பூட்டுவம். சாப்பாடு இல்லாத இடத்தில எந்த வெள்ளைக்காரரும் நிக்காயினம்."

பூட்டினார்கள். ஸஹாப்தீன் பூட்டின் திறப்பை மேடத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, சேட்டுப் பையில் போட்டான். "நோ ரைஸ், மேடம். நோ டீ. ஃபினிஷ்." தன் வயிற்றையும் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்; தனக்கும் சாப்பாடு கிடையாது என்றால் மேடம் நம்புவார் என்ற யோசனை.

மேடம் அறைக்குள் ஓடினார். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். முதல் பிஸ்கட்டை ஸஹாப்தீனின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அவன் தலையை ஆட்டினான். அவர் விடவில்லை. ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஊட்டினார். ஐந்து பிஸ்கட் உள்ளே போன பிறகுதான் தாடையை விட்டார்.

"நான் சொன்னனான்," என்றார் தம்பையா.

பத்து மணிக்கு மழை தொடங்கியது. ஸஹாப்தீன் ஒரு முடிவுக்கு வந்தான். இந்தப் பெண் போகப்போவதில்லை. ஒரு விருந்தாளியைக் கடற்கரையில் தனியாக விட்டுவிட்டு அவனுக்கும் போக ஏலாது; அது முதலாளிக்காக அல்ல, அவனுடைய மனசு கேட்காது. நஜ்முன் நிஸாவை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். இருக்கிற இடத்தையாவது பாதுகாப்போம்.

சாப்பாட்டுக் கொட்டிலின் கிடுகுக் கூரையை முதலில் கட்ட வேண்டும். தம்பையாவைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு, வள்ளம் கட்டுகிற தடித்த கயிற்றை எடுத்தான். கதிரை மேல் ஏறி நின்றான். கயிற்றைக் கூரை வளைக்கு மேலால் எறிந்து, கீழே வந்த நுனியில் சுருக்குப் போட்டு, அது இறுகுகிறதா என்று முகத்துக்கு நேரே வைத்து இழுத்துப் பார்த்தான்.

பின்னால் ஒரு அலறல். மேடம் மழைக்குள்ளால் பாய்ந்து வந்து அவனுடைய இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மேடம், விடுங்க. மேடம், பிளீஸ்."

கதிரை சரிந்தது. இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். விழுந்த பிறகும் மேடம் காலை விடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பையா ஆணிப் பெட்டியோடு வந்தார். நின்று பார்த்தார். பிறகு மறுபக்கம் திரும்பினார்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை," என்றார்.

ஸஹாப்தீனின் நல்ல காலம், அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய ஹோட்டல் ஒன்றில் மிஞ்சியிருந்த உல்லாசப் பயணிகளைக் கரையை விட்டு உள்ளே, ஹபரணைக்குக் கொண்டுபோகிற வேன். முன் சீட்டிலிருந்து சிவபாதம் இறங்கினார். வயதான கைட், பத்து வருஷமாக ஜெர்மன்காரர்களோடு திரிந்து அவர்கள் பாஷையைத் தண்ணீர் மாதிரிப் பேசுகிறவர். வழியில் யாராவது தங்கிப்போயிருந்தால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஒவ்வொரு விடுதியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸஹாப்தீன் மணலைத் தட்டிக்கொண்டு ஓடினான். "ஐயா, இந்த மேடத்தோட ஒருக்கா கதையுங்கோ. ஏன் போகமாட்டன் எண்டு நிக்கிறா எண்டு கேளுங்கோ."

சிவபாதம் கேட்டார். மேடம் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே போனார். ஸஹாப்தீன் பேர்சு வைக்கிற பையைத் தொட்டுக் காட்டினார், கடலைக் காட்டினார், குசினிப் பூட்டைக் காட்டினார், கயிற்றைக் காட்டினார். சிவபாதத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. கடைசியில் அவர் ஸஹாப்தீனிடம் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீங்களும் வந்தால்தான் அவவும் வருவாவாம். உங்களுக்குப் பக்கத்திலதான் இருப்பாவாம்."

தம்பையா இருமினார்.

"வேற என்ன சொன்னவ?" என்றான் ஸஹாப்தீன் மெல்ல.

"அதை இப்ப கதைக்கத் தேவையில்லை. உங்களுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு. மனசைத் திடமா வைச்சிருங்கோ."

கதவுகளைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். தம்பையா வழியில் பள்ளிக்கூடத்தடியில் இறங்கிக்கொண்டார். மேடம் ஸஹாப்தீனைச் சன்னல் பக்கம் இருக்க விடவில்லை. நடுவில் இருத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி பொலிஸ்காரன் பிடி. நகரத்தைத் தாண்டும்போது அவன் முன்னால் குனிந்தான்.

"ஐயா, நான் பெண்சாதிக்காரன் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

"அது அவவுக்குத் தெரியும் தம்பி," என்றார் சிவபாதம் திரும்பாமலே. "அதுதானே பிரச்சினை."

ஸஹாப்தீன் பேச்சை மாற்றினான். கிண்ணியாத் துறையில் தன்னை இறக்கிவிடும்படி கேட்டான். சிவபாதம் திரும்பிப் பார்த்தார்.

"அங்க ஆர் இருக்கினம் உங்களுக்கு?"

"எல்லாரும் அங்கதான், ஐயா."

"அப்ப சரி. சொந்தக்காரரோட இருக்கிறதுதான் நல்லது." வேனைத் துறைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

துறையில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. களப்பு முழுக்க வெள்ளை நுரை. பாதை அந்தக் கரையிலிருந்து ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. இதுதான் கடைசி ஓட்டம், வந்ததும் திரும்பிவிடும் என்று துறைக்காரர் சொன்னார். ஸஹாப்தீன் இறங்கினான். மேடமும் இறங்கினார், பின்னால் சிவபாதமும். அவன் தண்ணீர்ப் பக்கம் இரண்டடி வைத்ததும் மேடம் மற்றக் கையாலும் சேர்த்து அவனைப் பிடித்துக்கொண்டார். துறையில் நின்றவர்கள் எல்லோரும் கிண்ணியாக்காரர்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

பாதை கரையில் முட்டியது. முதலில் இறங்கியவன் அவனுடைய மச்சான் தாஹிர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் தலையைப் பொத்திக்கொண்டு, நிறைவயிற்றோடு இறங்கியவள் நஜ்முன் நிஸா.

"நேத்து வாறன் எண்டீங்க," என்றாள். "வீட்டில இருக்க ஏலாம உங்களத் தேடித்தான் வந்த நான்." அப்போதுதான் மேடத்தைக் கண்டாள். புருஷனின் மணிக்கட்டைக் கண்டாள். குரல் மாறியது. "ஆர் இது?"

மேடம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. ஸஹாப்தீனின் கையைப் பட்டென்று விட்டார். நஜ்முன் நிஸாவிடம் போய் அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், சிவபாதத்தைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ பொரிந்து தள்ளினார்.

"என்ட பெண்சாதி, ஐயா," என்றான் ஸஹாப்தீன், ஈனக்குரலில்.

சிவபாதம் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

நஜ்முன் நிஸா மேடத்தின் பிடியிலிருந்து மெல்ல விலகினாள். "நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல. இந்த வெள்ளைக்காரி ஏன் இவர்ட கையப் பிடிச்சிக்கொண்டு வந்தவ?"

சிவபாதம்தான் முன்னால் வந்தார்.

"பிழையா நினைக்காதையுங்கோ தங்கச்சி," என்றார். "நீங்கள் செத்துப்போன கவலையில இவர் உயிரை விடப்போறார் எண்டுதான் அந்த மனிசி நேற்றையிலிருந்து இவருக்குக் காவல் நிக்குது."