கோதுமை பீரும் நாற்பது காசும்

"நாலு பாட்டிலையும் கொட்டிட்டீங்களாண்ணே?"

கஜபதி மெதுவாகத்தான் கேட்டான். கத்தினால் மயக்கம் வந்துவிடும்போல இருந்தது.

"கெட்டுப்போன சரக்கு மொதலாளி. மோர் கணக்கா கலங்கிக் கீது, அடில மண்டி வேற. வர்றவரு வவுறு கெட்டா நம்ம பேருதானே கெடும்? பாட்டிலைக்கூட சோப்பு போட்டுக் கழுவி வெச்சிட்டேன்" என்றார் சின்னப்பையன். பெயர்தான் அப்படி. வயது ஐம்பத்தெட்டு. சென்னை பாடியில் கஜபதி லேத் பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் மூத்த ஆள்.

அது கோதுமை பீர். கலங்கலாகத்தான் இருக்கும் என்று டாஸ்மாக்கின் உயர்ரக எலைட் கடைக்காரர் சொல்லியே கொடுத்திருந்தார். பாட்டில் ஐந்நூற்று இருபது ரூபாய்.

கஜபதி குடிப்பவன் அல்ல. ஒரு பிரேக் கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் விக்ரம் இரண்டு மணிக்கு வருவதாகப் போன் செய்திருந்தார். பட்டறையில் முக்கால்வாசி வேலை அந்தக் கம்பெனிக்குப் பித்தளை புஷ் என்னும் சிறு உருளை வளையங்களைக் கடைந்து கொடுப்பதுதான். ஒரு மாதமாகப் புது ஆர்டர் இல்லை. போன தடவை சாதா பீரை எடுத்து வைத்தபோது, "இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா?" என்று கேட்டுவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர் அவர்.

மணி ஒன்றரை. மறுபடி எலைட் கடைக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. சின்னப்பையன் தெருமுனை டாஸ்மாக்கில் சாதா பீர் வாங்கிவந்து, கழுவிய பாட்டில்களில் ஊற்றினார்.

"தெளிவா கீதே மொதலாளி."

கஜபதி மாடி வீட்டுக்கு ஓடினான். மனைவி சித்ரா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வடித்த கஞ்சியை ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினாள்.

"பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க. கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

நெளிந்த மூடிகளைத் தட்டி நிமிர்த்தி, கைப்பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார் சின்னப்பையன். கடையில் வாங்கியதுபோலவே உட்கார்ந்துகொண்டன.

விக்ரம் வந்தார். கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது பீர்" என்றார் விக்ரம். "பின்னாடி ஒரு தானிய வாசனை வருது பாருங்க. மெஷின்ல லட்சக்கணக்குல அடிக்கிற சரக்குல இது வராது. கொஞ்சமா, கைப்பக்குவமா செய்யறான். அதுக்குத்தான் இந்த விலை. கொடுக்கலாம், தப்பே இல்ல."

கஜபதி சமயம் பார்த்துச் சொன்னான். "நம்ம புஷ்ஷும் அப்படித்தான் சார். ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பார்த்துத்தான் அனுப்பறோம்."

"அது வேற, இது வேற" என்றார் விக்ரம். இரண்டாவது பாட்டிலைத் திறந்தார். "ஐந்நூறு ரூபா பீர் வாங்கி வெக்கிறீங்கன்னா உங்களுக்கு நல்ல மார்ஜின் நிக்குதுன்னு அர்த்தம். பீசுக்கு நாப்பது காசு குறைச்சுக்குங்க."

கஜபதி மனதுக்குள் கணக்குப் போட்டான். அது நூற்றறுபது ரூபாய் பீர், மேலே கொஞ்சம் கஞ்சி என்று சொன்னால் ஆர்டர் போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பது காசு போய்விடும். வருஷத்துக்கு மூன்று லட்சம் பீஸ். உள்ளே லேத்தை நிறுத்திவிட்டுச் சின்னப்பையன் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சரி சார்" என்றான்.

"இன்னொண்ணு. இந்தத் தடவை ஆர்டர் டபுள். வெளி வேலை எதையும் எடுக்காதீங்க. கையில இருக்கிறதையும் விட்டுடுங்க. உங்களை நம்பித்தான் மேல பேசறேன்."

பூந்தமல்லியில் பம்ப்செட் செய்யும் அப்துல் ரசாக், மாதம் தவறாமல் சின்ன வேலை கொடுப்பவர். கஜபதி அங்கேயே அவருக்குப் போன் போட்டான். இனி முடியாது என்றான். அவர், "சரிப்பா, வேற ஆளுங்க கேட்டுகினுதான் கீறாங்க, அவங்களுக்கே குடுத்துடறேன்" என்று வைத்துவிட்டார். விக்ரம் தலையாட்டிப் பாராட்டி, நாலாவது பாட்டிலையும் முடித்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

கஜபதி வாசலுக்கு வந்தான். வழக்கமாக வரும் வெள்ளைக் கம்பெனிக் கார் இல்லை. மஞ்சள் போர்டு போட்ட வாடகைக் கார் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்தார்.

"சார் கெளம்பிட்டாரா அண்ணாத்தே?"

"வருவார். கம்பெனி வண்டி ரிப்பேரா?"

டிரைவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர வேலைய வுட்டு அனுப்பி ஒரு மாசம் ஆவுது அண்ணாத்தே, ஊட்ல சொல்லாம டெய்லி சாயங்காலம் வரிக்கும் இப்டித்தான் பட்டறை பட்டறையா உக்காந்துட்டுப் போறாரு, வண்டி வாடகையும் அந்தந்தப் பட்டறைலதான் வாங்கிக்கச் சொல்லிக்கீறாரு."