ஒழுக மறுத்த குழாய்

தையல் டீச்சர் ஸ்பேனரும் கையுமாகக் குழாய்க்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சரிசெய்ய அல்ல, கெடுக்க.

நாலு மணிக்குப் புரோக்கர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். "வாடகைக்கு ஆள் வர்ற வரைக்கும் வச்சுக்கோங்க. வந்த அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்று சொல்லித்தான், மூடிக் கிடந்த செருப்புக் கடையின் சாவியை உரிமையாளர் தெருக்காரர்களிடம் கொடுத்திருந்தார். சனிக்கிழமைதோறும் அங்கே இலவச ரிப்பேர் முகாம். ஓட்டைக் குடை, ஊமை ரேடியோ, வாய் கிழிந்த பை எல்லாம் வரும். உயிர் பெற்றுத் திரும்பும். முகாம் போனால் டீச்சரின் தையல் மிஷினுக்குப் போக்கிடம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டாலே வீட்டில் மருமகளுக்குத் தலைவலி வந்துவிடும்.

வருகிறவர் கடையைப் பார்த்ததும் வந்த வழியே ஓட வேண்டும். அதற்குத்தான் ஸ்பேனர். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. முகாமில் குழாய் வேலை பார்க்கும் குழாய்க்காரர் உரிமையாளருக்கு மச்சான். மற்றவர்களிடம் சொன்னால் பத்தே நிமிடத்தில் மச்சான் காதுக்குப் போய்விடும்.

குழாய் சொட்டத் தொடங்கியது. டீச்சர் நல்ல பிள்ளையாக மிஷினில் போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா, குழாய் அழுவுது?" என்று குழாய்க்காரர் எழுந்தார்.

"அழுதா அழுதுட்டுப் போவுது, உக்காருங்கண்ணே."

"ஒழுகுற குழாயைப் பாத்துட்டுச் சும்மா இருந்தா எனக்குச் சோறு இறங்காதும்மா."

புது வாஷர் மாட்டினார். கை சும்மா இருக்காமல் குழாயைப் பளபளவென்று தேய்த்தும் வைத்தார்.

டீச்சர் தூசி தட்டுகிற சாக்கில் ஸ்டூல் போட்டு ஏறி, ட்யூப்லைட்டைத் திருகிவிட்டார். கடை பாதி இருண்டது. மிக்சியைப் பிரித்துக்கொண்டிருந்த ஃபேன் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் உக்காந்திருக்கிற இடத்துல லைட்டு எரியலையா? நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாங்க?"

அரை மணியில் ஒரு விளக்கு மூன்றானது.

"டீச்சர், இனிமே ஊசியில நூல் கோக்கக் கண்ணாடியே வேணாம் பாருங்க!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார் டீச்சர், அழாத குறையாக.

அடுத்து, டம்ளரில் மிச்சமிருந்த டீயைச் சுவரில் வீசினார். "ஐயோ, கை தவறிடுச்சே!"

"அதுக்கென்ன டீச்சர், எங்கிட்ட மிச்ச பெயின்ட் இருக்கு" என்று பிரஷோடு வந்தாள் பெயின்ட் அக்கா. கறை போன இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் கொஞ்சம் அடித்தாள். அதற்கும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். மூன்றே முக்காலுக்குள் நாலு சுவரும் புதுப்பெண் மாதிரி நின்றன.

இனி ஷட்டர்தான் கதி. தூக்கினால் நாலு தெருவைக் கூட்டும் அந்தக் கிறீச்சை நம்பி, அதை முக்கால்வாசி இறக்கி வைத்தார்.

நாலு மணி. ஷட்டர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"எண்ணெய் போட்டேன்" என்று காதோரம் கிசுகிசுத்தார் குழாய்க்காரர். "ஆளு வர்றாங்களாமே, நம்ம மானம் போகக் கூடாதுல்ல?"

புரோக்கர் கூட்டி வந்த கூலிங் கிளாஸ்காரர் உள்ளே வந்தார். குழாயைத் திறந்து மூடினார். ஒரு சொட்டுக் கூட விழவில்லை. விளக்குகளைப் பார்த்தார். சுவரைத் தொட்டார், விரலில் ஈரப் பெயின்ட். டீச்சர் மனதுக்குள் மிஷினை மூட்டை கட்டிவிட்டார்.

வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

முகாமே வாயைப் பிளந்தது. டீச்சரின் கால் தானாக மிஷினை மிதிக்கத் தொடங்கியது.

"ஏங்க, அவருக்கு என்னதான் பிடிக்கலையாம்?" என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"குழாய் ஒழுகணும், லைட்டு எரியக் கூடாது, சுவரெல்லாம் கறையா இருக்கணும், கதவு கிறீச்சுன்னு கத்தணும்னு கேட்டாரும்மா... ரெண்டு வருஷம் ஓடப்போற பேய் சீரியலுக்கு இடம் தேடி வந்தவரு அவரு!"