மீசைக்குச் சொந்தக்காரர்கள்

திறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டே மணி நேரம். ஊர் வரலாற்று அறையின் காப்பாளர், ஊரை உண்டாக்கியவரின் படத்தை மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். ஃப்ரேம் கடையில் கொடுத்தபோது, கறையான் தின்றது போக மீசை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இப்போது தலைப்பாகை, கண், மூக்கு என்று முழு ஆளும் வந்திருந்தார்!

கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. பாராட்டை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காப்பாளர் அழைப்பைத் துண்டித்தார்.

ஊர்த் தலைவர் உள்ளே வந்து படத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார்.

"இது எங்க வீட்டு மூக்குய்யா! எங்க தாத்தாவேதான். கீழ எங்க குடும்பப் பேர எழுதிடுங்க. இந்த ரூம் சாவி உங்ககிட்டயே இருக்கணுமில்ல?"

சாவி போனால் வேலையும் போகும். காப்பாளர் எழுதி ஒட்டினார். மறுபடி போன். மறுபடி துண்டித்தார்.

அடுத்து காப்பாளரின் மனைவி, தன் பெரியப்பாவோடு வந்தாள்.

"கண்ணப் பாருங்க, அப்படியே எங்க பெரியப்பா! யார் வீட்டுப் பேரையோ ஒட்டியிருக்கீங்களே? மாத்தலைன்னா இங்கேயே படுத்துக்குங்க."

பெரியப்பா படத்துக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக் காட்டினார். கண் அச்சு அசலாக அதேதான். ஆனால் தலைவரின் மூக்கும் அதேதான். காப்பாளருக்குத் தலை சுற்றியது. எதற்கு வம்பு என்று இரண்டு குடும்பப் பேரையும் எழுதினார்.

"எங்க தாத்தாவுக்கு ரெண்டு குடும்பம்னு ஊருக்கே சொல்றீரா?" என்று தலைவர் எகிறினார்.

"அதையேதான் நானும் கேக்கறேன்!" என்றார் பெரியப்பா.

காப்பாளர் அதைக் கிழித்துவிட்டு, 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"தாத்தன் பேர் தெரியாதவங்களாய்யா நாங்க?"

கூச்சல் தெருவரை போனது. காப்பாளர் பரிதாபமாகப் படத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்ததில் இன்னொரு சங்கடம்: அந்தக் காது அவருடைய அப்பாவின் காது போலவே இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று அவர் குழம்பிக்கொண்டிருக்கும்போது, கையில் ஒரு பார்சலோடு ஃப்ரேம் கடைக்காரர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

"போனை எடுக்கவே மாட்டீங்களா சார்? பார்சல் மாறிப்போச்சு! உங்க படம் இது. எவ்வளவு தொடைச்சும் மீசையத் தாண்டி ஒண்ணும் வரல. அங்க மாட்டியிருக்கறது எங்கப்பா. நாடகத்துல வேஷம் போட்டப்ப எடுத்தது."

கடைக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வெளிய வண்டியிலதான் உக்காந்திருக்காரு. தனக்கு இத்தனை பேரங்க இருக்கறது அவருக்கே தெரியாது சார்."